குளத்துப் பூதமும் மூன்றாம் வகுப்பும்

"எல்லாரும் கையை நீட்டுங்க பாக்கலாம்" என்றார் வாத்தியார்.

மூன்றாம் வகுப்பு மொத்தமும் கையை நீட்டியது. சிவப்பு, பச்சை, நீலம், இவை எல்லாம் கலந்து இன்னும் யாரும் பெயர் வைக்காத ஒரு நிறம். ஓவிய வகுப்பு முடிந்து வெகு நேரமாகிவிட்டது. வராந்தாவில் குழாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் தண்ணீரும் வந்தது. ஆனால் ஒரு குழந்தைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏன் யாரும் கை கழுவல?"

"வேணாம் சார்."

"வேணாமா? இந்தக் கையோட எப்படிச் சாப்பிடுவீங்க?"

"துடைச்சுக்கிறோம் சார்" என்றாள் முன் பெஞ்சில் இருந்த சலூன்காரர் மகள். சொன்னதோடு நிற்காமல் சுவரில் துடைத்தும் காட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவன் ஜன்னல் திரையில் துடைத்தான். அதற்கடுத்தவன் தன் சட்டையில் துடைத்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் அவன் சட்டையிலேயே துடைத்தான்.

நியாயமாகப் பார்த்தால் வாத்தியாருக்கு இந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஒரே ஒரு கதை, நேற்றுச் சொன்னது, இன்றைக்கே பலித்துவிட்டது! ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை! சுவர் போனால் போகட்டும், வெள்ளையடித்துக்கொள்ளலாம்.

அந்தக் கதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வாத்தியார் அந்தப் பள்ளியில் தற்காலிகம். பிரசவ விடுப்பில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக வந்தவர். அந்த டீச்சர் திரும்பி வரவே இல்லை. இவரும் கிளம்பவே இல்லை. வந்த நாளிலிருந்து அவருக்கு மூன்றாம் வகுப்பைப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகூடப் பள்ளிக்கூடம் வைத்தால் என்ன என்று மனைவியிடம் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவரிடம்தான் திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை வகுப்பு வாசலில் வந்து நின்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றாங்க சார். நாட்டுப்புறக் கதை சொல்லி, இயற்கை வளத்தைக் காப்பாத்தச் சொல்லிக் கொடுக்கணுமாம். அதுதான் இந்த வருஷம் பாக்கிறாங்க. உங்க வகுப்பைப் பிடிச்சா நீங்க இங்கேயே நிரந்தரம். பிடிக்கலைன்னா அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

"மெதுவாப் பேசுங்க டீச்சர், பிள்ளைங்க கேக்குது."

"கேட்டா என்ன? அதுங்களுக்கு என்ன புரியப் போகுது?"

தலைமையாசிரியை போனதும் வாத்தியார் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இந்த வகுப்பை விடுவதாக இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டார். மூலையில் இருந்த வாளியை எடுத்தார்.

"ஒரு ஊர்ல ஒரு குளம். குளத்துக்கு ஒரு பூதம் காவல்!"

வாளிக்குள் முகத்தை விட்டு, பூதத்தின் குரலில் "யாரடா அது?" என்றார். சத்தம் மாடி வரைக்கும் போனது.

"பூதத்துக்கு இடுப்பு வரைக்கும் முடி. ராத்திரியெல்லாம் குளத்துக்குள்ள தூங்கும். விடிஞ்சதும் மனுஷ வேஷம் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள சுத்தும். யார் தண்ணியைச் சிக்கனமாச் செலவழிக்கிறாங்க, யார் வீணாக்குறாங்கன்னு பாக்கும். ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி வீணானாப் போதும், பூதத்தோட முடியில ஒண்ணு பொத்துன்னு உதிரும்!"

முடி எப்படி உதிரும் என்று காட்ட, தன் தலையிலிருந்தே ஒன்றை எடுத்துக் காற்றில் விட்டார். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் வந்துவிட்டது. வகுப்பே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க எந்த வாத்தியாரும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலி மேல் ஏறினார்.

"மொத்த முடியும் உதிர்ந்த அன்னைக்கு என்ன ஆகும் தெரியுமா? பூதம் குளத்தைப் பாயைச் சுருட்டுற மாதிரிச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஊரை விட்டே போயிடும்!"

"திரும்பி வராதா சார்?" என்றாள் சலூன்காரர் மகள்.

"வரவே வராது."

"சார், மனுஷ வேஷத்துல இருக்கிறது பூதம்தான்னு யாராவது கண்டுபிடிச்சுட்டா?"

இந்தக் கேள்வியை வாத்தியார் எதிர்பார்க்கவில்லை. கதை சொல்கிறவனுக்கு முழிக்க நேரம் ஏது? சட்டென்று விரலை உதட்டில் வைத்தார்.

"கண்டுபிடிச்சாலும் மூச்சு விடக் கூடாது. 'நீதான் பூதம்'னு சொன்ன மறு நிமிஷமே அது மாயமா மறைஞ்சிடும்!"

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் திங்கட்கிழமை நடந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை. சுவரில் மூன்றாம் வகுப்பின் கைகள் அத்தனையும் பதிந்திருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார்.

"என்ன சார் இது!"

"தண்ணி சேமிக்கிறாங்க டீச்சர்! கதை வேலை செய்யுது!"

"வேலை செய்யுதா? குழாய்கிட்டப் போகவே நடுங்குதுங்க! பிள்ளைங்களைப் பயமுறுத்தி வச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து கேட்டா, பூதம் பிடிச்சுக்கும்னுதான் கை கழுவலைன்னு அதுங்க சொல்லும். அப்புறம் உங்க கதை கந்தல்தான்!"

வாத்தியார் பிள்ளைகளைப் பார்த்தார். ஆமாம், முகமெல்லாம் வெளிறித்தான் இருந்தது. அவர் நெற்றியைத் தடவி, பக்கவாட்டு முடியை மேலே படிய வைத்தபோது முன் பெஞ்ச் முழுக்க 'ஐயோ' என்றது. பாவம், அசைந்தாலே பயப்படுகிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

கதையால் வந்ததைக் கதையால்தான் சரிசெய்ய வேண்டும். மறுபடி வாளியை எடுத்தார்.

"நேத்துக் கதையில பாதிதான் சொன்னேன். மீதியைக் கேளுங்க. பூதம் ரொம்ப நல்ல பூதம். கை கழுவினா அதுக்குக் கோபமே வராது. கழுவின தண்ணியைக் கீழே விடாம ஒரு செடிக்கு ஊத்திட்டா, உதிர்ந்த முடி திரும்ப முளைச்சிடும்!"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நிஜமாவா சார்? திரும்ப முளைக்குமா?"

"பின்னே?"

"எவ்வளவு ஊத்தினா எவ்வளவு முளைக்கும்?"

"நிறைய ஊத்தினா நிறைய!" என்று தாராளமாகச் சொன்னார் வாத்தியார். சொன்ன பிறகுதான் கொஞ்சம் அளவு வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. அதற்குள் மணி அடித்து, வகுப்பு 'ஓ'வென்று கத்திக்கொண்டு குழாய்களை நோக்கி ஓடியது. எல்லோரும் கை கழுவினார்கள். கழுவின தண்ணீரை டிபன் டப்பாவில் பிடித்து, தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புதன்கிழமை காலையில் அந்தக் கண் வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

பள்ளியின் தோட்டம் குட்டையாகியிருந்தது. வீட்டிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். ரோஜாத் தொட்டிகள் வழிந்துகொண்டிருந்தன. தோட்டத்தில் இடம் போதாமல் உள்ளே வந்து, ஆசிரியர் அறையில் இருந்த செடிக்கு ஊற்றினார்கள். அது பிளாஸ்டிக் செடி. அதன் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கி, அலமாரியில் இருந்த விடைத்தாள்களுக்குப் போனது. தலைமையாசிரியையின் மேசையில் ஒரு சின்னக் கள்ளிச்செடி இருந்தது. அவர் அதைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்துவந்தார், மாதத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் கொடுப்பார். அன்று அது தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் தீர்ந்துபோன ஒருவன் பக்கத்தில் இருந்த பிளாஸ்கைத் திறந்து, தலைமையாசிரியையின் டீயையும் அதற்கே ஊற்றியிருந்தான்.

"ஐயோ, என் செடி!"

வாத்தியார் ஓடோடி வந்தார். ஈரத் தரையில் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் காலி டப்பாக்களோடு சூழ்ந்துகொண்டு அவரையே அண்ணாந்து பார்த்தார்கள். அப்படியே இமைக்காமல் பார்த்தார்கள்.

"என்னப்பா அப்படிப் பாக்கிறீங்க? சபாஷ்னு சொல்லணுமா? சபாஷ், சபாஷ்! இப்போதைக்கு நிறுத்துங்க!"

"ஒண்ணும் முளைக்கலையே" என்று யாரோ ஒருவன் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

"இப்பத்தானே ஊத்தியிருக்கு, அதுக்குள்ள எப்படி முளைக்கும்?" என்று தோட்டத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னார் வாத்தியார்.

தலைமையாசிரியை கள்ளியைத் துண்டால் துடைத்துக்கொண்டே வெளுத்து வாங்கினார். "சேமிக்கச் சொன்னா கழுவ மாட்டேங்குதுங்க. கழுவச் சொன்னா பள்ளிக்கூடத்தையே கழுவிடுதுங்க. நடுவுல ஒண்ணு கிடையாதா உங்க கதையில?"

"இருக்கு டீச்சர்! இன்னைக்கு மத்தியானம் சொல்லிடுறேன்!"

சொன்னார். மிகவும் நிதானமாக, வாளி இல்லாமல் சொன்னார். நிறைய ஊற்றுவதும் வீண்தானாம். அப்படிச் செய்தாலும் பூதத்துக்கு முடி உதிருமாம். ஆகவே ஊற்றுவதை விட்டுவிட்டு, எல்லோரும் அவரவர் வீட்டுக் குழாய்க்குக் காவல் இருக்க வேண்டியதுதானாம். வீணாக ஓடும் குழாயைக் கண்டால் உடனே மூட வேண்டுமாம். "இன்னையிலேருந்து நீங்க எல்லாரும் பூதத்தோட காவல்படை!" என்று முடித்தார்.

நிறைய ஊற்றினாலும் உதிரும் என்று சொன்னபோது வகுப்பு ஒரே குரலில் அலறியது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் காவல்படை என்றதும் எல்லோரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலையில் அவர் மேசைமேல் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தார். கமகமவென்று எண்ணெய் வாசனை.

"யார் வச்சது?"

எல்லோரும் கண்ணால் சிரித்தார்கள். வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. வகுப்புக் கதவு கிரீச் கிரீச்சென்று கத்துகிறது, யாராவது கொஞ்சம் எண்ணெய் கொண்டுவரக் கூடாதா என்று போன வாரம் கேட்டிருந்தார். எவ்வளவு ஞாபகம் இந்தப் பிள்ளைகளுக்கு! அகமகிழ்ந்து, பாட்டில் மொத்தத்தையும் கதவுக் கீலில் ஊற்றித் தேய்த்தார். கதவு சத்தமில்லாமல் ஆடியது.

"எப்படி?" என்று திரும்பினார்.

வகுப்பின் முகத்தில் ஈயாடவில்லை. சலூன்காரர் மகள் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கதவைத்தான் சற்று நேரத்தில் அவளுடைய அப்பா சத்தமே இல்லாமல் திறந்துகொண்டு வந்தார். தோளில் துண்டு, கையில் சீப்பு. முகம் சிவந்திருந்தது.

"வாத்தியார் சார், என் பொழைப்பு என்னாகுறது?"

"உக்காருங்க, என்ன ஆச்சு?"

"நேத்து சாயங்காலம் கடையில ஒருத்தர் தலைக்கு ஷாம்பு போட்டு நுரையோட உக்காந்திருக்கார். பெரிய மனுஷன். அவசரமாக் கல்யாணத்துக்குப் போகணும். அலசலாம்னு குழாயைத் திறக்கிறேன், தண்ணி வரல. பாத்தா என் மக வெளியே மெயின் வால்வை மூடிட்டு, அதுமேல ஏறி உக்காந்திருக்கா. காவலாம்! இறங்க மாட்டேங்குறா. தூக்கினா கத்துறா. அவர் நுரையோடயே கிளம்பிப் போயிட்டாரு சார். தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்க. நாலு பேர் முன்னாடி என் கடை பேரு நாறிப்போச்சு!"

வாத்தியார் திருதிருவென்று விழித்தார்.

"இவ மட்டுமில்ல. பக்கத்து வீட்டுல ஒரு அப்பா உடம்பு முழுக்கச் சோப்போட பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு. அவரும் உங்க வகுப்புப் பையனோட அப்பாதான். கடைசியில குடிக்க வச்சிருந்த தண்ணியில குளிச்சாராம். என்ன சார் சொல்லிக் கொடுக்குறீங்க? பூதம் பூதம்னு பயந்து சாகுதுங்க!"

"இல்லைங்க, அது நல்ல பூதம்..."

"நல்ல பூதமோ கெட்ட பூதமோ, நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்களாமே? அவங்ககிட்டயே நான் பேசிக்கிறேன்." திரும்பினவர் கதவருகே நின்று மூக்கை உறிஞ்சினார். குனிந்து கீலை மோந்து பார்த்தார். "இது நம்ம கடை எண்ணெய் வாசனை மாதிரி இருக்கே. காலையிலதான் ஒரு புது பாட்டிலைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கேன்."

வாத்தியார் காலிப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கண்ணாடிக் கதவு வைத்த அலமாரிக்கு முன்னால் நின்று மறைத்ததால், சலூன்காரருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"இதுவும் நாளைக்குப் பேச வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் வாத்தியார் கூடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தார்.

"ஏங்க, ஒரு இடத்துல உக்காருங்களேன். தலை சுத்துது எனக்கு."

"எப்படி உக்காருறது? நாளைக்கு இந்நேரம் எனக்கு அந்த வகுப்பு இருக்கோ இல்லையோ! ஒவ்வொரு கதையும் நல்லாத்தான் ஆரம்பிக்குது. எங்கேயோ போய் முட்டிக்குது. பிள்ளைங்க பயந்துபோயிருக்காங்க. கண்ணுல பாக்கிறேனே, என்னைப் பாத்தாலே மிரளுறாங்க."

"பூதத்தாலதானே பயம்?"

"ஆமா."

"அப்ப பூதத்தை ஊரை விட்டு அனுப்பிடுங்க. நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க? கதை சொல்லி வந்தது கதை சொன்னாப் போயிடும்."

வாத்தியார் அப்படியே நின்றார். எவ்வளவு சுலபம்! இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மடித்த துணியெல்லாம் சரிந்து விழுந்தது.

"அதிருக்கட்டும், இந்தக் கவலையில தலையணை எல்லாம் முடி. கொஞ்சம் உடம்பையும் பாத்துக்கோங்க" என்றார் மனைவி. அது எதுவும் அவர் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை. வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையோடு, முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்தார். ஆய்வாளர் வருவதற்குள் பூதத்தை அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகு பிள்ளைகள் பயமில்லாமல் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஓர் அழகான மரக் கதை சொல்வார். ஆய்வாளர் கைதட்டுவார். எல்லாம் மனக்கண்ணில் ஓடியது.

"பிள்ளைங்களா, ஒரு சந்தோஷமான சேதி!"

வகுப்பு ஆவலோடு பார்த்தது.

"பூதம் இருந்துச்சே, பூதம்? நாம இனிமே அதைப் பத்திப் பயப்படவே வேணாம். இன்னையோட அது மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போகுது!"

சலூன்காரர் மகளின் கீழுதடு துடித்தது. அடுத்து கடைசி பெஞ்சில் ஒரு விசும்பல். அப்புறம் மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அழ ஆரம்பித்தது.

"ஏன், ஏன் அழுறீங்க? போகுதுன்னுதானே சொன்னேன்? நல்ல விஷயம்தானே?"

அழுகை இரண்டு மடங்கானது. ஒருவன் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேர் அவருடைய பையை எடுத்து ஒளித்து வைத்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்தி அதன்மேல் முதுகை வைத்து நின்றாள். எண்ணெய் போட்ட கதவு வழுவழுவென்று திறந்து, அவளைத் தள்ளிக்கொண்டு ஆய்வாளர் உள்ளே வந்தார். பின்னால் தலைமையாசிரியை. அவருக்கும் பின்னால், தோளில் துண்டோடு சலூன்காரர்.

வாத்தியார் காலில் ஒரு பையனோடு வணக்கம் வைத்தார்.

ஆய்வாளர் வயதானவர், நிதானமானவர். சுவரில் இருந்த கைத் தடங்களைப் பார்த்தார். ஈரம் காயாத விடைத்தாள்கள் ஜன்னலில் தொங்குவதைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த வகுப்பைப் பார்த்தார். கடைசியாக வாத்தியாரைப் பார்த்தார்.

"என்ன பாடம் நடக்குது?"

"கதைங்க மேடம். நாட்டுப்புறக் கதை. இயற்கை வளம்."

"இவ்வளவு சோகமான கதையா?"

"சொன்னேன் இல்ல மேடம்?" என்று சலூன்காரர் முன்னால் வந்தார். வால்வு, நுரை, பெரிய மனுஷன், எண்ணெய் எல்லாம் சொன்னார். தலைமையாசிரியை தன் கள்ளிச்செடியைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. மறுத்துச் சொல்ல வாத்தியாருக்கு என்ன இருக்கிறது? எல்லாமே நடந்ததுதான்.

ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"சுவரு, செடி, நுரை எல்லாம் இருக்கட்டும். பிள்ளைங்க தண்ணியைக் காப்பாத்துறாங்க, அது நிஜம். வர்ற வழியில ஒரு வாண்டு என் கையில இருந்த பாட்டிலை வாங்கி மூடி இறுக்கிக் கொடுத்துச்சு. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இதையெல்லாம் இவங்க பிரியத்துல செய்யுறாங்களா, பயத்துல செய்யுறாங்களா? பிரியத்துலன்னா இந்த மாதிரி ஆளை நான் விடவே மாட்டேன். பயத்துலன்னா இவரை இந்த வகுப்புல ஒரு நாள்கூட வச்சிருக்க முடியாது."

ஆய்வாளர் குனிந்து, பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார். "சொல்லு கண்ணா, ஏன் அழுற? பூதம் என்ன பண்ணும்?"

பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ சொல்லும்மா."

அவளும் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா மேடம்? பேசக்கூடப் பயப்படுதுங்க!" என்றார் சலூன்காரர்.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். "மன்னிக்கணும் சார். பிள்ளைங்க முகத்துலயே தெரியுது. இதுக்கு மேல நான் கேக்க வேண்டியதில்ல."

வாத்தியார் தலையசைத்தார். காலைக் கட்டியிருந்த பையனை மெல்ல விலக்கப் பார்த்தார், அவன் விடவில்லை. அவனுக்கு மூக்கு ஒழுகியது. ஆய்வாளர் பாவம் பார்த்துத் தன் விரலாலேயே துடைத்துவிட்டார். பிறகு விரலைப் பார்த்துவிட்டு, வராந்தாவில் குழாயடிக்குப் போனார். தலைமையாசிரியையும் கூடவே போனார்.

"எழுதிக் கொடுத்திடுறேன் டீச்சர். இன்னையோட இவர் கிளம்பிடட்டும். திங்கட்கிழமை வேற ஆள் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே ஆய்வாளர் கையைக் கழுவினார். கழுவி முடித்தும் பேச்சு முடியவில்லை. புதிதாக வருகிறவர் யார், எந்த ஊர் என்று தலைமையாசிரியை கேட்க, அவர் பதில் சொல்ல, பின்னால் குழாய் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

வகுப்பிலிருந்து ஓர் அலறல். பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, பெஞ்சைத் தாண்டி, அப்பாவின் கைக்கு அடியில் நுழைந்து சலூன்காரர் மகள் ஓடி வந்தாள். குழாய் மேல் பாய்ந்து இறுக்கி மூடினாள். பிறகு மூச்சு வாங்க, ஆய்வாளரை முறைத்தாள்.

"பூதத்துக்கு யாரு பயப்படுறா மேடம், அவர் எங்களை விட்டுப் போயிடக் கூடாதுன்னுதானே நாங்க இந்தப் பாடுபடுறோம், நீங்க பாட்டுக்குக் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசுறீங்க, சார் தலையில மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான்!"